பார்க்கிங் தரை சந்தேகமா, கேளுங்க மக்கா

நாகர்கோவில் பக்கம் மண்டபம், லாட்ஜு, கடைன்னு இருவது வருஷமா தரை போடுகேன். இன்னைக்கு வேலை இல்ல, கேளுங்க.

தக்கலை மண்டபக்காரர்: அண்ணே, பேவர் பிளாக் போட்டு 2 வருஷம்தான் ஆவுது, கார் டயர் போற தடத்துல மட்டும் குழி விழுந்து தண்ணி கெட்டி நிக்குது. புது பிளாக் வாங்கணுமா?

பதில்: பிளாக் உடையலல்லா தம்பி? அப்போ பிளாக் மேல குத்தமில்ல, அடிதான் இறங்கியிருக்கு. அங்கன நாலு பிளாக்க கழட்டிப் பாருங்க, மணலு ஒரு சாண் கெடந்துச்சுன்னா மட்டம் வரலன்னு மணல கொட்டியே நெரப்பியிருக்கான்னு அர்த்தம். மணலு 3, 4 சென்டிமீட்டர் போதும், மட்டமெல்லாம் கீழ ஜல்லியிலயே வந்துரணும். மணல வாரிட்டு, ஜல்லியும் கிரஷர் பொடியும் நனச்சு அடுக்கடுக்கா ரோலர் விட்டு இறுக்கி, பழைய பிளாக்கையே திருப்பி அடுக்குங்க. ஓரத்துல கல்லு கட்டியிருக்கான்னும் பாருங்க, அது இல்லன்னா பிளாக்கு கொஞ்சங்கொஞ்சமா வெளிய நவுந்துட்டே போவும்.

கன்னியாகுமரி லாட்ஜு: கார்த்திகை பொறந்தா ஐயப்ப சாமிமார் பஸ்சு வந்துரும். 60 மில்லிமீட்டர் தடிமன் பிளாக் போட்டேன், பாதி ரெண்டா பொளந்து கெடக்கு.

பதில்: 60 காருக்கு உள்ளது அண்ணாச்சி. பேவர் பிளாக்குக்கு உள்ள இந்திய தர விதி ஐஎஸ் 15658ல தடிமனோட கிரேடும், அதாவது காங்கிரீட்டோட வலுவும், சேத்தே சொல்லியிருக்கு, 60னா எம்35, 80னா எம்40, 100னா எம்50. பஸ்சு ஏறுனா 80க்கு கீழ வேண்டாம், தெனமும் பஸ்சு வரும்னா 100. தடிமன் மட்டும் கூட்டிட்டு கிரேடு குறைஞ்ச பிளாக்க தள்ளிவிடுவானுவ, டெஸ்ட் ரிப்போர்ட்ட கேட்டு வாங்குங்க. பஸ்சு நின்ன நெலையில ஸ்டியரிங் ஒடிக்கிற எடத்துல பிளாக்க மீன்முள்ளு மாதிரி சாய்ச்சு அடுக்கணும், நேர்வரிசையா போட்டா மொத்தமா நவுந்துரும்.

வடசேரி கடை: தார்தரை. பைக் நிக்கிற எடத்துல எல்லாம் ஓட்டை ஓட்டையா இருக்கு, ஆயில் சொட்டுன எடம் கையில பேர்ந்து வருது.

பதில்: ஓட்டை சைடு ஸ்டாண்டு வேலை, சித்திரை வெயில்ல தாரு இளகும்போது குத்திட்டு இறங்கும். பைக் வரிசைக்கு மட்டும் காங்கிரீட் பட்டை போட்டுருங்க. ஆயிலும் டீசலும் தாரும் ஒரே கச்சா எண்ணெயில இருந்து வாரது, அதனால ஆயிலு தார கரைச்சுரும். சொட்டுன ஒடனே மரத்தூள் போட்டு ஊறவச்சு வாருங்க, மண்ணெண்ணெய் ஊத்தி கழுவுகதெல்லாம் வேண்டவே வேண்டாம். பேர்ந்த எடத்த சதுரமா வெட்டி எடுத்து, பொடி இல்லாம தூத்து, எமல்ஷன் (ஒட்டுகதுக்கு உள்ள தார்க்கரைசல்) அடிச்ச பொறவுதான் புதுத்தார்.

குலசேகரம்: தார் எப்போ போடலாம்?

பதில்: நமக்கு எடவப்பாதியும் (வைகாசி பாதியில தொடங்குக தென்மேற்கு மழை) உண்டு, ஐப்பசி மழையும் உண்டு. தை பொறந்த பொறவு போடுங்க, வெடிப்பு இருந்தா வைகாசி மழைக்கு முன்ன அடச்சுருங்க.

அதே ஊர்ல ஒரு அக்கா: பிளாக்குல பாசி, ஆளு வழுக்கி விழுகாவ. ஆசிட் ஊத்தலாமா தம்பி?

பதில்: ஊத்தாதீங்க அக்கா, சிமெண்ட அரிச்சு மேல சொரசொரன்னு ஆயிரும், அடுத்த மழையில பாசி இன்னும் நல்லா புடிக்கும். பிளீச்சிங் பவுடர் கரைச்சு ஊத்தி, தேங்காநாரு பிரஷ்ஷால தேய்ங்க. பிரஷர் பம்பு அடிச்சா இடுக்குல உள்ள மணலும் போயிரும், அன்னைக்கே புது மணலு தூவி பெருக்கி விடுங்க. பாசி புடிச்ச எடத்துல ஓட்டுத்தண்ணி விழுகான்னு பாருங்க, விழுந்துச்சுன்னா மொதல்ல ஓட்டு நுனியில தண்ணி ஏந்துக பாத்தி வச்சு அத ஓடைக்கு திருப்பணும்.