வீட்டுத் தோட்டத்து வாழை: கேள்வி பதில்

கேள்வி (மதுரை): நாங்கள் வாங்கிய பழைய வீட்டின் கொல்லையில் பெயர் தெரியாத வாழை நிற்கிறது. இன்னும் குலை தள்ளவில்லை. என்ன ரகம் என்று எப்படி அறிவது?

பதில்: குலை வருமுன் ரகத்தின் பெயரை உறுதியாகச் சொல்ல முடியாது என்றாலும், அது எந்த வழியில் வந்தது என்பதை இப்போதே பார்த்துவிடலாம். நாம் உண்ணும் வாழைகள் பெரும்பாலும் மியூசா அக்குமினேட்டா, மியூசா பால்பிசியானா என்னும் இரண்டு காட்டினங்களிலிருந்து வந்தவை. எந்த ரகத்தில் எந்த இனத்தின் கூறு மிகுதி என்பதைக் கணிக்க, சிம்மண்ட்ஸ், ஷெப்பர்டு என்னும் இரு அறிஞர்கள் 1955இல் 15 அடையாளங்களுக்கு மதிப்பெண் இடும் முறையை வகுத்தார்கள். வீட்டில் பார்க்க அவற்றுள் மூன்று போதும்.

முதலில் முற்றிய இலையின் காம்பைக் குறுக்கே வெட்டி, மேற்புறத்துப் பள்ளத்தைப் பாருங்கள். அதன் விளிம்புகள் வாய் திறந்து விரிந்திருந்தால் அக்குமினேட்டாவின் சாயல்; பச்சை வாழையும் செவ்வாழையும் அப்படிப்பட்டவை. விளிம்புகள் உள்நோக்கி வளைந்து ஏறத்தாழ மூடிக்கொண்டிருந்தால் பால்பிசியானாவின் கூறு மிகுதி; மொந்தன், கற்பூரவள்ளி இந்த வகை. பூவனும் ரஸ்தாளியும் இவற்றுக்கு நடுவே நிற்கும். அடுத்தது தண்டு. அக்குமினேட்டா வழி மரங்களின் தண்டில் பழுப்பும் கறுப்புமாகத் திட்டுகள் நிறைய இருக்கும். பால்பிசியானா வழியில் தண்டு பெரும்பாலும் தெளிவாக இருக்கும். மூன்றாவது அடையாளத்துக்குப் பூ வரும்வரை காத்திருக்க வேண்டும். பூமடல் திறந்ததும் பின்பக்கமாகச் சுருண்டுகொண்டால் அக்குமினேட்டா. சுருளாமல் தூக்கி மட்டும் நின்று, உட்புறம் அடிவரை அழுத்தமான சிவப்பாக இருந்தால் பால்பிசியானா. காய் வந்தபின், நுனி பறவையின் அலகுபோலக் கூர்ந்திருந்தால் பூவன் என்றும், தோல் தடித்துப் பட்டை பட்டையாக இருந்தால் மொந்தன் என்றும் கொள்ளலாம்.

கேள்வி (நாகர்கோவில்): செவ்வாழைக் கன்று என்று வாங்கி வைத்தோம். காய் பச்சையாக வந்திருக்கிறது. ஏமாற்றப்பட்டோமா?

பதில்: அப்படி முடிவுகட்ட வேண்டாம். செவ்வாழைக்குத் தன் சிவப்பை இழந்து பச்சையாக மாறும் இயல்பு உண்டு. அந்தத் திடீர் மாற்றம் ஒரே தூரிலிருந்து வரும் கன்றிலும் நேரலாம். பழத்தின் உருவமும் சதையும் செவ்வாழையைப் போலவே இருந்தால் மாற்றம்தான் காரணம். சுவையில் குறை சொல்வதற்கில்லை. சிவப்பே வேண்டுமானால், தண்டிலும் இலை நடுநரம்பிலும் செந்நிறம் தெளிவாக ஓடும் கன்றுகளை மட்டும் விட்டு, பச்சைத் தண்டுக் கன்றுகளை நீக்கிவிடுங்கள்.

கேள்வி (பட்டுக்கோட்டை): தாய்மரத்தைச் சுற்றிக் கன்றுகள் மண்டிவிட்டன. எதை எடுத்து நடுவது? எத்தனை விடுவது?

பதில்: இலை குறுகி ஈட்டிபோல நிமிர்ந்து, அடி பருத்து, மேலே போகப்போக ஒடுங்கும் கன்றே நடவுக்கு உகந்தது. சிறு வயதிலேயே அகன்ற இலை விட்டுப் பார்வைக்குச் செழிப்பாக நிற்பது நீர்க்கன்று. தாய்க் கிழங்கோடு அதற்குப் பிடிப்பு குறைவு, குலையும் சிறுக்கும். பார்வையில் மயங்கி அதைத்தான் பலர் தோண்டி எடுத்துப் போகிறார்கள். ஒன்றரை முதல் இரண்டு கிலோ எடையுள்ள ஈட்டிக் கன்றை எடுத்து, வேர்களைச் சீவி, கிழங்கில் அழுகலோ வண்டு துளைத்த பொந்தோ இல்லை என்று பார்த்துவிட்டு, ஒன்றரை அடி நீள அகல ஆழமுள்ள குழியில் மக்கிய தொழுவுரத்தோடு நடுங்கள். மரத்துக்கு மரம் ஆறடி இடைவெளி வேண்டும்.

தாய்மரம் குலை தள்ளும்வரை கன்றுகளைத் தரைமட்டத்தில் அறுத்துவிட்டு, பிறகு மறுதாம்புக்கு, அதாவது அதே தூரில் அடுத்த விளைச்சலுக்கு, ஒன்றை மட்டும் விடுவதே முறை. ஆனால் வீட்டுக்கு ஆண்டு முழுதும் பழம் வேண்டுமென்றால், குலையோடு ஒரு மரம், பாதி வளர்ந்தது ஒன்று, சிறு கன்று ஒன்று என மூன்று தலைமுறையை ஒரே தூரில் வைத்துக்கொள்ளலாம். நான்காவதற்கு இடம் கொடுக்காதீர்கள்.

கேள்வி (சென்னை): மாடியில் பீப்பாயில் வாழை வளருமா?

பதில்: குட்டையான பச்சை வாழை ஓரளவு வளரும். நேந்திரனும் செவ்வாழையும் காற்றுக்குத் தாங்கா. பச்சை வாழையிலும் குலை சிறியதாகவே வரும். இலைக்காகவும் பூவுக்காகவும் என்றால் வளர்க்கலாம்.

கேள்வி (கும்பகோணம்): ரஸ்தாளியின் அடி இலைகள் மஞ்சளாகின்றன. உரக்குறையா, வாடல் நோயா?

பதில்: இரண்டுமே முதிர்ந்த இலையில் தொடங்குவதால்தான் இந்தக் குழப்பம். சாம்பல் சத்து (பொட்டாசியம்) குறைந்தால் இலை நுனியும் ஓரமும் ஆரஞ்சு கலந்த மஞ்சளாகிக் காயும். தண்டுக்கு ஒன்றும் ஆகாது. வாடல் நோயில் மஞ்சளான இலைகள் காம்பில் மடங்கித் தண்டைச் சுற்றிப் பாவாடைபோலத் தொங்கும். தண்டின் அடி நெடுக்கில் வெடிக்கும். ஐயம் தீர ஒரே வழி, மோசமான மரம் ஒன்றைச் சாய்த்துக் கிழங்கைக் குறுக்கே வெட்டுவது. வெண்மையாக இருக்க வேண்டிய கிழங்கில் செம்பழுப்பு நிறத்தில் புள்ளிகளும் கோடுகளும் ஓடினால் அது வாடல் நோயை உண்டாக்கும் ஃபுசேரியம் பூஞ்சணம்.

உரக்குறையாக இருந்தால் கவலை இல்லை. தோட்டக்கால் (கிணற்றுப் பாசன நிலத்து) வாழை மரம் ஒன்றுக்கு ஆண்டுக்கு 110 கிராம் தழைச்சத்தும் (நைட்ரஜன்), 35 கிராம் மணிச்சத்தும் (பாஸ்பரஸ்), 330 கிராம் சாம்பல் சத்தும் பரிந்துரைக்கப்படுகின்றன. தழைச்சத்தைப்போல மூன்று மடங்கு சாம்பல் சத்து கேட்கும் பயிர் இது என்பதை மறந்து தழைச்சத்து மட்டுமே உள்ள யூரியாவைப் போடுவதே வீடுகளில் வழக்கமாக இருக்கிறது. நட்ட மூன்று, ஐந்து, ஏழாம் மாதங்களில் பிரித்து இடுங்கள். வாடல் நோய் என்றால் மருந்து தேடிச் செலவழிக்காதீர்கள். தூரைக் கிழங்கோடு தோண்டி அப்புறப்படுத்துங்கள்; அங்கிருந்து கன்று எடுத்து யாருக்கும் கொடுக்காதீர்கள். பூஞ்சணம் மண்ணில் பல ஆண்டுகள் உயிரோடு கிடக்குமாதலால், அந்த இடத்தில் மீண்டும் ரஸ்தாளியோ கற்பூரவள்ளியோ வேண்டாம். பூவன் பெரும்பாலும் தாங்கும்.

கேள்வி (திருச்சி): கற்பூரவள்ளிப் பழத்தில் மிளகு போன்ற கறுப்பு விதைகள் கடிபடுகின்றன. மரம் கெட்டுவிட்டதா?

பதில்: இல்லை. கற்பூரவள்ளி மகரந்தச் சேர்க்கை நடந்தால் விதை கட்டும் ரகம். அருகில் வளமான மகரந்தமுள்ள வாழை எங்கோ இருக்கிறது. வௌவாலோ பூச்சியோ மகரந்தத்தைக் கொண்டுவந்திருக்கும்.

கேள்வி (தென்காசி): விருந்துக்கு இலை அறுத்தால் குலை சிறுக்குமா? பூவை எப்போது ஒடிப்பது?

பதில்: காய்க்குப் போகும் மாவுச்சத்து முழுவதும் இலையில்தான் உருவாகிறது. குலை தள்ளும்போது நல்ல இலைகள் எட்டுக்குக் குறையாமல் இருக்க வேண்டும். குலை தள்ளியபின் புதிய இலை வராது என்பதால், அப்போது அறுப்பது ஈடுசெய்ய முடியாத இழப்பு. இலைக்கென்று பூவனிலோ மொந்தனிலோ ஒரு தூரைத் தனியே ஒதுக்கிவிட்டால் வீட்டில் சண்டை இருக்காது. கடைசிச் சீப்பு விரிந்து, அதன்பின் காய் பிடிக்காத இரண்டு மூன்று மடல்கள் உதிர்ந்ததும் பூவை ஒடித்துச் சமையலுக்கு எடுத்துக்கொள்ளுங்கள். ஒடித்த இடத்தில் வடியும் பால் காய்களின்மேல் பட்டால் கறை பிடிக்கும். காம்பைச் சற்று நீளமாக விட்டு ஒடிப்பது நல்லது.