நாய் வாந்தி எடுத்தால் எவ்வளவு நேரம் காத்திருக்கலாம்?

கேள்வி: எங்கள் வீட்டில் நான்கு வயது லாப்ரடார் நாய் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை விருந்தில் மிஞ்சிய பிரியாணியையும் ஆட்டு எலும்புகளையும் அதற்குப் போட்டோம். அன்றிரவு மூன்று முறை வாந்தி எடுத்தது. விடியற்காலையில் மஞ்சள் நுரையாக இரண்டு முறை வந்தது. பிள்ளைகளுக்கு வாங்கிய வாந்தி மருந்தைக் கொடுக்க நினைத்து, பயந்து விட்டுவிட்டேன். மாலைக்குள் தானாகச் சரியாகிவிட்டது. இனி இப்படி நேர்ந்தால் என்ன செய்ய வேண்டும், டாக்டர்?
- வாசகி, புதுக்கோட்டை

பதில்: அந்த மருந்தைக் கொடுக்காமல் விட்டது மிகவும் நல்லது. நமக்குச் சாதாரணமாகத் தோன்றும் பாராசிட்டமாலும் இபுபுரூஃபனும்கூட நாயின் கல்லீரலையும் சிறுநீரகத்தையும் கெடுக்கக்கூடியவை. மருத்துவரைக் கேட்காமல் மனிதர்களின் மருந்து எதையும் நாய்க்குக் கொடுக்காதீர்கள்.

நீங்கள் பார்த்த மஞ்சள் நுரை பித்தநீர். வயிறு காலியான பிறகும் குமட்டல் நிற்காததால் அது வந்திருக்கிறது. பிரியாணியின் கொழுப்பு கணையத்தில் அழற்சியை உண்டாக்கலாம். அதிலுள்ள வெங்காயமும் பூண்டும் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். வேகவைத்த எலும்பு சிம்பு சிம்பாக உடைந்து குடலைக் கிழிக்கலாம். இம்முறை உங்கள் நாய் தப்பித்தது. ஆசையாகப் போடுகிறோம் என்பது எனக்குப் புரிகிறது. ஆனாலும் விருந்து இலையில் மிஞ்சியதை நாய்க்குப் போடும் வழக்கத்தை இத்துடன் நிறுத்திவிடுங்கள்.

வளர்ந்த நாய் ஓரிரு முறை வாந்தி எடுத்த பிறகும் வாலை ஆட்டிக்கொண்டு நடமாடினால், 6 முதல் 12 மணி நேரம் வரை உணவை நிறுத்தி வைத்து, அரை மணி நேரத்துக்கு ஒரு முறை சில கரண்டித் தண்ணீர் மட்டும் கொடுத்துப் பாருங்கள். ஒரே மூச்சில் கிண்ணம் நிறையக் குடிக்க விட்டால் அதுவே மறுபடி வாந்தியைக் கிளப்பிவிடும். தண்ணீர் தங்கினால், உப்பும் மசாலாவும் சேர்க்காமல் குழைய வேகவைத்த சோற்றுடன் தோலும் எலும்பும் நீக்கிய கோழிக்கறியைப் பிசைந்து, வழக்கமான அளவில் கால் பங்கை நாளுக்கு நான்கு வேளை கொடுத்து, இரண்டு மூன்று நாட்களில் பழைய உணவுக்குத் திரும்பலாம்.

குடித்த தண்ணீரும் தங்காமல் வருதல், வாந்தியில் இரத்தம் அல்லது காப்பித் தூள் போன்ற கருமை, ஈறு வெளுத்துப் போதல், பிடரித் தோலைத் தூக்கிவிட்டால் உடனே படியாமல் நிற்றல் ஆகியவற்றில் ஒன்றைக் கண்டாலும் காத்திருக்க வேண்டாம். எலி மருந்தைத் தின்றிருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தால் அதன் உறையையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். உப்புக் கரைசலை ஊற்றி வாந்தியை வரவழைக்க முயல்வது ஆபத்தானது. மாம்பழக் காலத்தில் நாய் மாங்கொட்டையை விழுங்குவது நம் வீடுகளில் நடப்பதுதான். அது குடலை அடைத்துக்கொண்டால் அறுவைச் சிகிச்சையே வழி. கருத்தடை செய்யாத பெண் நாய், பருவம் முடிந்து சில வாரங்களில் அதிகமாகத் தண்ணீர் குடித்து வாந்தியும் எடுத்தால் கருப்பையில் சீழ் பிடித்திருக்கக்கூடும்.

எல்லாவற்றிலும் அவசரமானது ஒன்று உண்டு. பெரிய இன நாய் ஓங்கரித்தும் எதுவும் வெளிவராமல், வயிறு மத்தளம் போல உப்பிக்கொண்டே போனால் இரைப்பை முறுக்கிக்கொண்டிருக்கலாம். நள்ளிரவானாலும் அந்த நிமிடமே புறப்பட வேண்டும்.

கேள்வி: மூன்று மாதச் சிப்பிப்பாறைக் குட்டி நேற்றிலிருந்து வாந்தி எடுத்துச் சோர்ந்து கிடக்கிறது. ஒரு தடுப்பூசி மட்டுமே போட்டிருக்கிறோம். அதையும் பட்டினி போடலாமா?
- வாசகர், கோவில்பட்டி

பதில்: கூடாது. குட்டியைப் பட்டினி போட்டால் இரத்தத்தில் சர்க்கரை விரைவில் குறைந்துவிடும். இந்த வயதில், ஒரே தடுப்பூசி போட்ட நிலையில் வாந்தியும் சோர்வும் என்றால் முதலில் குட்டிகளின் குடலைத் தாக்கும் பார்வோ வைரஸைத்தான் சந்தேகிக்க வேண்டும். துர்நாற்றத்துடன் இரத்தக் கழிச்சல் தொடங்கும் வரை பொறுத்திருக்காமல் இன்றே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். குளுக்கோஸ் ஏற்றி நீரிழப்பைச் சரிசெய்தால் பிழைக்கும் வாய்ப்பு உண்டு. ஒவ்வொரு மணி நேரத் தாமதமும் அந்த வாய்ப்பைக் குறைக்கும்.

பார்வோ என்று உறுதியானால், குட்டி படுத்த இடத்தை பிளீச்சிங் பவுடர் கரைசலால் கழுவுங்கள். சோப்பு நீருக்கு இந்த வைரஸ் சாகாது, மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். ஆறு வார வயதில் தொடங்கும் தடுப்பூசியை 3 முதல் 4 வார இடைவெளியில் 16 வாரம் வரை தொடர்ந்து போட்டு முடிக்காத வேறு எந்தக் குட்டியையும் அந்த முற்றத்தில் விடாதீர்கள்.