அமெரிக்காவின் புளோரிடா மாநிலப் பள்ளிகளில் அடிமை முறை பற்றியோ பாலினம் பற்றியோ வாயே திறக்கக் கூடாதாமே, சட்டம் உண்மையில் என்ன சொல்கிறது?

வாய் திறக்கலாம். 2022-ல் ஆளுநர் டிசாண்டிஸ் கையெழுத்திட்ட இரண்டு தனித்தனிச் சட்டங்களைச் செய்திகளில் ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறார்கள், அவ்வளவுதான்.

இனம் தொடர்பானது ஹெச்.பி. 7 (ஹெச்.பி. என்றால் ஹவுஸ் பில், அதாவது மாநிலக் கீழவை மசோதா). மாநிலச் சட்டத் தொகுப்பில் 1003.42 என்ற பிரிவைப் பாருங்கள். அதன் 2-ம் உட்பிரிவு, அடிமை முறை உட்பட கறுப்பின மக்களின் வரலாற்றைக் கட்டாயப் பாடமாக்குகிறது. இது 1994-லிருந்தே இருக்கிறது. அதே பிரிவின் 3-ம் உட்பிரிவில்தான் ஹெச்.பி. 7 உட்காருகிறது. ஆக, 1923-ல் புளோரிடாவிலேயே வெள்ளையர் கும்பல் ஒரு கறுப்பின ஊரை அழித்த ரோஸ்வுட் படுகொலையைத் தாராளமாக நடத்தலாம். 'நீ வெள்ளை இனம், அதனால் உன் முன்னோர் செய்ததற்கு நீயும் பொறுப்பு' என்று சொல்லித்தரக் கூடாது. சிக்கல் இதற்கு நடுவில். 'அந்தப் பாகுபாடு இன்றைக்கும் தொடர்கிறதா?' என்று ஒரு மாணவன் கேட்டால், எதுவரை விளக்கம், எது சட்டம் தடுக்கும் மூளைச்சலவை? சட்டம் கோடு போட்டுக் காட்டவில்லை. ஆசிரியர் அடுத்த பாடத்துக்குத் தாவிவிடுவது அதனால்தான்.

'கோர்ட்டே தடை போட்டுவிட்டதே' என்பார்கள். ஹெச்.பி. 7-ல் பள்ளி, பல்கலைக்கழகம், அலுவலகப் பயிற்சி என்று தனித்தனிப் பகுதிகள் உண்டு. 2022 நவம்பரில் நிறுத்தப்பட்டது பல்கலைக்கழகப் பகுதி. 2024 மார்ச்சில் மேல்முறையீட்டு நீதிமன்றம் கைவைத்தது அலுவலகப் பயிற்சிப் பகுதி. பள்ளிப் பகுதியை அந்தத் தீர்ப்புகள் தொடவில்லை.

பாலினம் தொடர்பானது ஹெச்.பி. 1557. பாலீர்ப்பு, பாலின அடையாளம் இரண்டையும் 3-ம் வகுப்புவரை பாடமாக நடத்தக் கூடாது என்று தொடங்கி, 2023-ல் 8-ம் வகுப்புவரை நீட்டினார்கள். 'பாடம் நடத்துதல்' என்றால் என்ன என்று சட்டத்தில் விளக்கமே இல்லை (என் கணக்கில் மிகப் பெரிய ஓட்டை இதுதான்). மேசையில் தன் துணையின் படம் வைத்திருப்பதுகூடக் குற்றமோ என்று ஆசிரியர்கள் பயந்தார்கள். இந்தச் சட்டத்தை எதிர்த்து வழக்குப் போட்டவர்களும் மாநிலமும் 2024 மார்ச்சில் செய்துகொண்ட சமரசத்தில்தான் தெளிவு வந்தது: போகிற போக்கில் குறிப்பிடுவது பாடம் நடத்துவதாகாது. 'மீனாவின் இரண்டு அம்மாக்களும் ஆளுக்கு 6 ஆப்பிள் வாங்கினார்கள், மொத்தம் எத்தனை?' என்றால் அது கூட்டல் கணக்குதான்.

பிறகு ஏன் இவ்வளவு பயம்? புகார் போகும் வழியைப் பாருங்கள். ஹெச்.பி. 1557-ன்படி பெற்றோர் முதலில் பிரின்சிபாலிடம் சொல்ல வேண்டும். 7 நாளில் தீர்வு காண நடைமுறை இருக்க வேண்டும்; 30 நாளுக்குள் தீரவில்லையென்றால் அந்தப் பகுதிப் பள்ளிகளை நடத்தும் கல்வி மாவட்டம் காரணம் சொல்ல வேண்டும். அதன்பின் பெற்றோருக்கு இரண்டு வழி. ஒன்று, மாநிலம் நியமிக்கும் சிறப்பு விசாரணை அதிகாரி. அந்தச் செலவு மாவட்டத்தின் தலையில். இன்னொன்று, நேராக நீதிமன்றம். பெற்றோருக்குச் சாதகமாகத் தடையுத்தரவு வந்தால் அவருடைய வக்கீல் கட்டணத்தையும் மாவட்டமே கொடுக்க வேண்டும். பெற்றோர் தோற்றால் மாவட்டத்துக்கு இதுபோல ஈடு எதுவும் அந்தப் பிரிவில் இல்லை. பட்ஜெட் பார்க்கும் அதிகாரி 'எதற்கு வம்பு' என்று சட்டம் கேட்டதைவிட அதிகமாக வெட்டுவதில் ஆச்சரியமில்லை.

உங்கள் பிள்ளை அங்கே படித்து, ஒரு பாடம் காணாமல் போயிருந்தால், எந்த உட்பிரிவின்படி நீக்கினீர்கள் என்று பிரின்சிபாலிடம் எழுத்தில் கேளுங்கள். எண்ணைச் சொல்லச் சொன்னால்தான் அது சட்டமா, முன்ஜாக்கிரதையா என்பது வெளியே வரும்.