பூச்சாடிக்கு அடியில் ஒரு சிலந்தி: கடிதமும் பதிலும்

அன்புள்ள அண்ணா,

வெள்ளவத்தையில் ஒரு தொடர்மாடியின் கீழ்த்தளத்தில் இருக்கிறோம். பின்பக்கத்தில் கொஞ்சம் பூச்சாடிகள் வைத்திருக்கிறேன். மழை விட்ட பிறகு ஒரு சாடியை நகர்த்தியபோது கருஞ்சாம்பல் நிறத்தில் ஒரு சிலந்தி வேகமாக ஓடியது. வலை எதுவும் இல்லை, சாடியின் அடியில் வெள்ளையாக ஒரு பட்டுப் பை மட்டும் ஒட்டியிருந்தது. அம்மா அதைப் புலிமுகச் சிலந்தியின் குஞ்சு என்று செருப்பைத் தூக்கிவிட்டார். நான் யோகட் கப்பால் மூடிப் படம் எடுத்துவிட்டு விட்டுவிட்டேன். படம் இணைத்திருக்கிறேன். என்ன சிலந்தி இது? ஆபத்தானதா?

இன்னொன்றும் கேட்கவேண்டும். பூச்சி, சிலந்தி பற்றி நீங்கள் எழுதும்போதெல்லாம் அவற்றுக்குப் பெயர் வைத்த வெள்ளைக்காரர்களைப் பற்றி நெகிழ்ந்து எழுதுகிறீர்கள். நம் வீட்டுச் சிலந்திக்கு அவர்கள் லத்தீனில் பெயர் வைத்தால் அது அவர்களுடையதாகிவிடுமா? மயிரையும் குழாயையும் எண்ணிக்கொண்டே ஆயுளைக் கழித்தவர்களால் யாருக்கு என்ன பயன்? கோபமாகக் கேட்கவில்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்புகிறேன்.

கு., வெள்ளவத்தை

அன்புள்ள கு.,

முதலில் அம்மாவுக்கு. அது புலிமுகச் சிலந்தி இல்லை. சிங்களத்தில் திவிமகுளுவா என்று சொல்லும் அந்தப் பெரிய சிலந்தி மரப்பொந்துகளில் வாழ்வது, உடம்பெல்லாம் அடர்ந்த மயிரோடு இருப்பது. அது கடித்தால் தசைகள் பிடித்து இழுக்கும், நாட்கணக்கில் தொல்லை கொடுக்கும். ஆகவே அம்மாவின் பயத்தைச் சிரித்துத் தள்ளிவிட முடியாது. ஆனால் நீங்கள் யோகட் கப்பால் மூடியது வேறு சாதி, அதனால் மனிதருக்குப் பயம் இல்லை. தோலில் திடீரென்று எரிவும் கொப்புளமும் வந்தால் சிலந்தி ஊர்ந்துவிட்டது என்று நம் வீடுகளில் சொல்வார்கள். பல தடவை அது பேடரஸ் என்ற மெல்லிய வண்டின் வேலை. செம்மஞ்சளும் கறுப்புமாக எறும்பைப் போல இருக்கும், இரவில் விளக்கு வெளிச்சத்துக்கு வரும். கழுத்தில் ஊரும்போது தேய்த்து நசுக்கிவிடுகிறோம், அதன் உடம்பிலுள்ள நஞ்சு தோலில் படுகிறது. பழி மட்டும் சிலந்திக்கு.

படத்தில் இருப்பது தரைச்சிலந்திக் குடும்பத்தைச் சேர்ந்தது. அறிவியலில் நஃபோசிடே என்பார்கள். படத்தைப் பெரிதாக்கி வயிற்றின் பின்நுனியைப் பாருங்கள். இரண்டு குட்டைக் குழாய்கள், ஒன்றையொன்று தொடாமல், பின்பக்கமாக நீட்டிக்கொண்டிருக்கின்றன. பெரும்பாலான சிலந்திகளில் நூல் விடும் உறுப்புகள் கூம்பாக, ஒன்றோடொன்று நெருங்கி இருக்கும். இவற்றில் முன்ஜோடி உருளையாக விலகி நிற்கும். கைவில்லை இருந்தால் முகத்தையும் பார்க்கலாம். எட்டுக் கண்களில் பின்வரிசையின் நடுவிலுள்ள இரண்டும் வட்டமாக இல்லாமல் நீண்டு சரிந்திருக்கும், வெளிச்சம் பட்டால் வெள்ளியாக மினுங்கும். வெள்ளைப் பை அதன் பகல்நேர வீடு. இரவில் வெளியே வந்து ஓடித்தான் இரை பிடிக்கும், வலை கட்டாது.

எந்த இனம் என்று கேட்காதீர்கள். படத்தை வைத்து யாராவது உறுதியாகச் சொன்னால் நம்பவும் வேண்டாம். இந்தக் குடும்பத்தில் இனத்தைத் தீர்மானிக்க முதிர்ந்த சிலந்தி வேண்டும், அதன் இனப்பெருக்க உறுப்பை நுணுக்குக்காட்டியில் பார்க்கவேண்டும். ஆண் என்றால் வாய்க்குப் பக்கத்திலுள்ள உணர்காலின் நுனி, பெண் என்றால் வயிற்றின் அடியிலுள்ள சிறு தகடு. முதிராத குஞ்சு கிடைத்தால் பெரிய நிபுணரும் பெரும்பாலும் பேரினத்தோடு, அதாவது நெருங்கிய இனங்களைச் சேர்த்த கூட்டத்தின் பெயரோடு, நின்றுவிடுவார்.

சரி, உங்கள் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன்.

அழகான சிலந்திக்குப் பெயர் வைக்க ஆள் தேடவேண்டியதில்லை. தரைச்சிலந்திகள் அப்படி இல்லை. பழுப்பு, சாம்பல், கறுப்பு என்று மூன்று நிறத்துக்குள் பெரும்பாலானவை அடங்கிவிடும். இன்று இந்தக் குடும்பத்தில் 2,000-க்கும் மேற்பட்ட இனங்கள் பதிவாகியிருக்கின்றன, வெறும் கண்ணுக்கு அவற்றில் பல ஒன்றுதான். 1805இல் வால்கனேர் என்ற பிரெஞ்சுக்காரர் டிராசஸ் என்று ஒரு பேரினத்தை உண்டாக்கினார். அதற்குப் பிறகு பல பத்தாண்டுகளுக்கு, எங்கே வைப்பது என்று தெரியாத பொருளையெல்லாம் போடுகிற அல்மாரியின் கடைசி லாச்சி மாதிரி அந்தப் பெயர் பயன்பட்டது. வலை கட்டாத, இரவில் ஓடுகிற, மங்கலான சிலந்தி என்றால் உள்ளே போடு. இன்று அந்தப் பெயரில் பேரினமே புழக்கத்தில் இல்லை. உள்ளே கிடந்தவை ஒவ்வொன்றாக வேறு வேறு பேரினங்களுக்கும் குடும்பங்களுக்கும் போய்விட்டன. தரைச்சிலந்தி வகைப்பாட்டின் வரலாறு என்பது பாதிக்கு மேல் இப்படி வெளியே எடுத்துப் போட்ட வரலாறுதான்.

அந்த வேலையைச் செய்தவர்கள் யார் என்று பார்த்தால் நீங்கள் நினைக்கிற படம் கொஞ்சம் கலையும். சிலந்திப் பெயர்களின் தொடக்கம் 1757இல் ஸ்வீடனில் வெளிவந்த கார்ல் கிளார்க்கின் நூல். விலங்குகளின் அறிவியல் பெயர்கள் எல்லாம் லின்னேயஸின் 1758ஆம் ஆண்டு நூலிலிருந்துதான் செல்லும் என்பது விதி, கிளார்க்கின் சிலந்திகளுக்கு மட்டும் விதிவிலக்கு. நஃபோசா என்ற பேரினத்தை 1804இல் நிறுவிய லத்ரேய் ஒரு பாதிரியார். பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில் அரசு கேட்ட சத்தியத்தைச் செய்யாததால் போர்தோ நகரச் சிறையில் அடைக்கப்பட்டவர். சிறைத் தரையில் ஒரு வண்டு ஊர்வதைக் கண்டு, இது அரிய இனமாயிற்றே என்று கையில் எடுத்து உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். கைதிகளைப் பார்க்க வந்த வைத்தியருக்கு ஆச்சரியம். வண்டை அவர் வாங்கிக்கொண்டு போய் ஊரில் பூச்சி சேர்க்கும் ஓர் இளைஞனிடம் காட்ட, அந்த இளைஞன் லத்ரேயின் பெயரை அறிந்திருக்க, ஆள் பிடித்து விடுதலை வாங்கிக் கொடுத்துவிட்டார்கள். அவரோடு அடைபட்டிருந்தவர்கள் அதன் பிறகு உயிரோடு வெளியே வரவில்லை. பாரிஸில் உள்ள அவருடைய கல்லறைத் தூணில் அந்த வண்டின் பெயரைப் பொறித்து, லத்ரேயைக் காப்பாற்றியது என்று எழுதியிருக்கிறார்கள். அதே 1804இல் அவர் விவரித்த இன்னொன்று நம் நாட்டின் புலிமுகச் சிலந்தி இனங்களில் ஒன்று. அம்மா நினைத்ததும் நீங்கள் மூடியதும் ஒரே மனிதரின் மேசையைக் கடந்து வந்தவை.

1866இல் இந்தக் குடும்பத்துக்கென்றே தனி நூல் எழுதத் தொடங்கிய லுட்விக் கோக் ஜெர்மனியில் நியூரம்பெர்க் நகர வைத்தியர். பகலில் நோயாளிகள், மிச்ச நேரத்தில் சிலந்தி. பிறகு வந்த யூஜின் சிமோன் தன் முதல் சிலந்தி நூலை வெளியிட்டபோது அவருக்கு வயது 16. அவர் 1892இல் இலங்கைக்கே வந்து சேகரித்துக்கொண்டு போனார்.

இவர்களில் எனக்கு மிகவும் பிடித்தவர் இருபதாம் நூற்றாண்டுக்காரர், நோர்மன் பிளாட்னிக். பின்னாளில் மனைவியான நான்சிக்கு மரவட்டையில் ஆர்வம். அவருக்கு உதவியாக இவரும் பிடிக்கப் போனார். இவருடைய குப்பிகளில் மரவட்டை அபூர்வம், சிலந்திதான் நிறைய. சரி, இதையே பார்ப்போம் என்று உட்கார்ந்தவர் நியூயோர்க் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் ஷதாப் என்ற சகாவோடு சேர்ந்து வட அமெரிக்கத் தரைச்சிலந்திகளைப் பேரினம் பேரினமாகத் திருத்தி எழுதினார். 1990இல் ஒரு ஆய்வில் அந்தக் குழாய்களை இலத்திரன் நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்து, ஒவ்வொன்றின் நுனியிலும் எந்த வகை நூல் துளைகள் எந்த ஒழுங்கில் இருக்கின்றன என்று பார்த்து, அதைக் கொண்டு உறவுமுறையை வரைந்தார். நீங்கள் சொன்ன குழாய் எண்ணுகிற வேலை அச்சொட்டாக இதுதான்.

பயன் என்ன என்று கேட்டீர்களே, அது 2017இல் வெளிவந்த ஓர் ஆய்வில் தெரிந்தது. சிலந்திகளின் உடம்பில் பசை நூல் ஒன்று உண்டு. சுவரிலோ இலையிலோ இழையை ஒட்டவைக்கப் பயன்படுவது, ஒரு சிறு பொட்டளவுதான் வரும். தரைச்சிலந்திகளில் அந்தப் பசைச் சுரப்பிகள் பருத்துவிட்டன, துளைகளும் பெரிதாகிவிட்டன, அவற்றைத் தாங்கும் அந்த இரண்டு குழாய்களும் நீண்டு தனித்தனியாக அசையக்கூடியவை ஆகிவிட்டன. எதற்கு? ஆய்வாளர்கள் வேட்டையைப் படம் பிடித்தார்கள். பல்லுள்ள இரை ஒன்று, பெரும்பாலும் இன்னொரு சிலந்தி, எதிரே வருகிறது. தரைச்சிலந்தி அதைக் கட்டிப்பிடிக்கப் போவதில்லை. சட்டென்று திரும்பி, பசை நூலை நாடாவாக இழுத்துக்கொண்டு இரையைச் சுற்றி ஓடுகிறது. கால்கள் தரையோடு ஒட்டுகின்றன, வாய்ப்பகுதி கட்டுப்படுகிறது, எதிராளியின் நச்சுப்பல் பயனற்றுப் போகிறது. அதற்குப் பிறகுதான் கடி. இதில் ஒரு நட்டமும் உண்டு: துளைகள் இப்படிப் பெரிதானதால் மற்றச் சிலந்திகள் போல இழையை மேற்பரப்பில் உறுதியாக ஒட்டும் திறன் குறைந்துவிட்டது.

அந்தக் குழாய்கள் எதற்கென்று தெரியாமலே வகைப்பாட்டாளர்கள் அவற்றைக் குடும்பத்தின் அடையாளமாகக் குறித்துவைத்திருந்தார்கள். காரணம் தெரிந்த பிறகுதான் கவனிப்பேன் என்று யாராவது இருந்திருந்தால் படம்பிடிக்க எந்தச் சிலந்தியைத் தேர்ந்தெடுப்பது என்றே தெரிந்திருக்காது. நான் நெகிழ்ந்து எழுதுவது இந்தக் குணத்தைப் பற்றித்தான், அவர்களுடைய தோல் நிறத்தைப் பற்றி அல்ல.

ஆனால் உங்கள் சங்கடத்தில் நியாயம் இருக்கிறது. நீங்கள் அதை வைக்கிற இடம்தான் வேறாக இருக்கவேண்டும் என்பது என் எண்ணம். லத்தீன் பெயர் யாருக்கும் உரிமை கொடுப்பதில்லை. பெயர் வைத்தவர் தவறு செய்திருந்தால் யாழ்ப்பாணத்திலோ பேராதனையிலோ இருந்து ஒரு மாணவி சான்றோடு எழுதி அந்தப் பெயரைக் கவிழ்க்கலாம், லத்ரேயாக இருந்தாலும் சரி. கேட்கவேண்டியது வேறு. 1869இல் இங்கிலாந்தில் பிக்கார்ட்-கேம்பிரிட்ஜ் என்ற கிராமத்துப் பாதிரியார் இலங்கைச் சிலந்திகளின் பட்டியல் ஒன்றை வெளியிட்டார். சிலந்திகளை அனுப்பியவர் நீட்னர் என்ற ஜெர்மானியர், இங்கே கோப்பித் தோட்டத்துத் துரை. கோப்பிச் செடியின் பூச்சிகளைப் பற்றி நல்ல நூல் எழுதியவர், உழைப்பாளி, மறுக்கவில்லை. ஆனால் அந்தக் காலத்துக் கோப்பித் தோட்டத்தில் கல்லையும் கட்டையையும் நாள் முழுக்கப் புரட்டியது யார்? நம் ஆட்கள்தான். துரையின் போத்தலுக்குள் போன சிலந்திகளில் சிலவற்றையாவது அவர்கள் பிடித்துக் கொடுத்திருப்பார்கள் என்றுதான் நான் நினைக்கிறேன். வரலாற்றில் நின்றது துரையின் பெயர்.

அதே போல, பெயர் வைக்க ஆதாரமான மூலமாதிரிகள் எங்கே இருக்கின்றன என்றும் கேட்கலாம். பிக்கார்ட்-கேம்பிரிட்ஜின் சேகரிப்பு ஒக்ஸ்போர்டில், சிமோனுடையது பாரிஸில். 1883க்கும் 1886க்கும் இடையில் சுவிஸ் நாட்டு சரசின் சகோதரர்முறைக்காரர் இருவர் இங்கே பிடித்தவற்றைக் கார்ஷ் என்பவர் பெர்லினில் விவரித்தார். கொழும்பு அருங்காட்சியகம் திறந்ததே 1877இல், அதன் ஆய்விதழ் ஸ்போலியா ஸெய்லானிக்கா தொடங்கியது 1903இல். அதற்குள் எத்தனையோ போத்தல்கள் கப்பல் ஏறிவிட்டன. ஒரு சந்தேகத்தைத் தீர்க்க நம் பிள்ளைகள் ஐரோப்பாவுக்குக் கடிதம் எழுதிக் காத்திருக்க வேண்டியிருப்பது உண்மையான குறை. பெயர் லத்தீனில் இருப்பது குறையே இல்லை.

நிலைமை மாறாமலும் இல்லை. மாங்குளப் பக்கத்தில் கிடைத்த புதிய புலிமுகச் சிலந்தி இனத்தை 2012இல் இலங்கை ஆய்வாளர்கள் முன்னின்று விவரித்தார்கள். உள்ளூர்க்காரர் ஒருவர் கொண்டுவந்து காட்டிய செத்த சிலந்தியிலிருந்து அந்தத் தேடல் தொடங்கியது. போருக்குப் பிந்திய காட்டில் வழிகாட்டிய ஒரு தமிழ்ப் பொலிஸ் அதிகாரியின் பெயரையே அந்த இனத்துக்கு வைத்தார்கள். கண்டியிலுள்ள அடிப்படைக் கற்கைகள் நிறுவனத்திலும் இலங்கைச் சிலந்திகளை விடாமல் விவரித்து வருகிறார்கள். பிளாட்னிக் 2000இல் இணையத்தில் ஏற்றிய உலகச் சிலந்திப் பட்டியல் இப்போது சுவிற்சர்லாந்தின் பேர்ன் அருங்காட்சியகத்தில் இருந்து நடக்கிறது. 2022இல் 50,000ஆவது இனம் அதில் பதிவானது. காசு வேண்டாம், பதிவுசெய்தால் போதும், பழைய கட்டுரைகளைக்கூட இறக்கிப் படிக்கலாம். நீட்னரின் சிலந்திகளைப் பற்றிய கட்டுரையை உங்கள் கைத்தொலைபேசியிலேயே தேடிப் பாருங்கள்.

உங்கள் சிலந்தியை அது இருந்த இடத்திலேயே விட்டுவிடுங்கள். சாடியை அடிக்கடி நகர்த்தாமல் இருந்தால் பெண்ணாக இருந்தால் தட்டையான முட்டைப்பை வைப்பதைக் காணலாம். இந்தக் குடும்பத்தில் பல தாய்மார் பக்கத்திலேயே காவல் இருக்கும். என்றாவது அது செத்துக் கிடந்தால் சின்னப் போத்தலில் ஸ்பிரிட் விட்டுப் போட்டு வையுங்கள், உள்ளேயே ஒரு காகிதத் துண்டில் இடம், திகதி, பூச்சாடிக்கு அடியில் என்ற விவரம், பிடித்தவரின் முழுப்பெயர் எல்லாம் எழுதிப் போடுங்கள். பென்சிலால் எழுதவேண்டும், பேனை மை ஸ்பிரிட்டில் கரைந்துவிடும்.