கிண்ணம் அடுக்கும், ஸ்டூ அடுக்காது

(சத்தி ரோட்டில் பேக்கரி நடத்தும், ராத்திரியில் கேம் ஆடும் அண்ணன் பதில் சொல்கிறார்)

கேள்வி: அண்ணா, நண்பர்களோடு சேர்ந்து ஆடும் மைன்கிராஃப்ட் கேம் சர்வரில் சாப்பாட்டுக் கடை போட்டிருக்கிறேன். என் முயல் ஸ்டூ (கிண்ணத்தில் வரும் கறிக்குழம்பு) 10 பசிப் புள்ளி தரும். எதிர்க்கடையில் விற்கும் சுட்ட மாட்டுக்கறி 8 தான். ஆனாலும் கறி பறக்கிறது, ஸ்டூவைச் சீந்த ஆளில்லை. விலையைப் பாதியாக்கியும் பார்த்துவிட்டேன். என்னதானுங்க பண்றது?
- வாசகர், கோபிசெட்டிபாளையம்

பதில்: முதலில் விலையைப் பழையபடி ஏற்றுங்க தம்பி. கோளாறு வேறு இடத்தில் இருக்கிறது.

சுரங்கத்துக்குக் கிளம்புகிறவன் பையில் மொத்தம் 36 கட்டம். வாள், டார்ச், மண்வெட்டி என்று பாதி அப்போதே ரொம்பிவிடும். திரும்பும்போது இரும்பும் வைரமும் வைக்க இடம் வேண்டும். சாப்பாட்டுக்கு அவன் விடுவது ஒரே ஒரு கட்டம். அதில் கறி 64 அடுக்கலாம், 512 புள்ளி. முழு வயிறே 20 புள்ளிதான் என்பதால் இருபத்தைந்து தடவை வயிறு ரொம்ப அது போதும். அதே கட்டத்தில் உங்கள் ஸ்டூ ஒரு கிண்ணம், அரை வயிறு. நீங்கள் சும்மா கொடுத்தாலும் அவன் எடுத்துப்போக மாட்டான்.

இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், காலிக் கிண்ணம் சமத்தாக 64 அடுக்கும். முயல்கறி, கேரட், சுட்ட உருளைக்கிழங்கு, காளான் எல்லாம் சேர்த்து ஸ்டூ ஆக்கிய நிமிஷமே ஒன்றோடு ஒன்று ஒட்டாது. குடித்து முடித்தால் கிண்ணம் மறுபடி அடுக்கும்!

எங்கள் கடைக்கு வாங்க, காட்டுகிறேன். திம்பம் மலை ஏறுகிற லாரிக்காரர் ரஸ்க் பாக்கெட், பன் என்று வாங்கி சீட்டுக்குப் பின்னால் செருகிக்கொண்டு போவார். கடை ஓரத்தில் பொழுதோட அம்மா சந்தகை பிழிந்து தேங்காய்ப் பால் ஊற்றித் தருவார். அதை லாரிக்காரர் பார்சல் கேட்டதே இல்லை. பசியோடு இறங்கினால் உட்கார்ந்து ரெண்டு தட்டு சாப்பிடுவார், அவ்வளவுதான். உங்கள் ஸ்டூ சந்தகை மாதிரி. அதைச் சுரங்கத்துக்குப் போகிற வழியில் வைத்தால் எப்படி விற்கும்? சண்டை மைதான வாசலுக்கு, ஆட்கள் அடிவாங்கி வயிறு காய்ந்து வருகிற இடத்துக்குக் கடையை மாற்றுங்க. வாங்கின இடத்திலேயே குடித்துவிட்டுப் போகட்டும். காலிக் கிண்ணத்தைத் திருப்பித் தந்தால் கொஞ்சம் காசு கழித்துக்கொடுங்க, கிண்ணம் செய்ய மரம் வெட்டுகிற வேலை உங்களுக்கும் மிச்சம்.

அப்புறம் உங்கள் கூலி. ஒரு பெட்டியில் 27 கட்டம் (திம்பத்துக் கொண்டை ஊசி வளைவும் 27 தான், மறக்கவே மறக்காது). அதில் ரொட்டி போட்டால் 1,728 நிற்கும், வாரக்கணக்கில் எட்டிப் பார்க்க வேண்டாம். ஸ்டூ போட்டால் 27 கிண்ணம். நல்ல யாவாரம் நடக்கிற நாளில் ஒரு மணி நேரத்தில் பெட்டி காலி, நீங்கள் சட்டியைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். அந்த ஓட்டத்துக்கும் சேர்த்துத்தான் விலை. பாதி விலை போட்டது உங்களை நீங்களே ஏய்த்துக்கொண்ட மாதிரி.

ஷல்கர் பெட்டியில் (உள்ளே பொருளோடு அப்படியே பையில் வைக்கிற பெட்டி) 27 ஸ்டூவை அடைத்து, பெட்டியோடு விற்கலாமே என்பீர்கள். ஒரு கட்டத்தில் 270 புள்ளி வரும், சரி. கறியின் 512-க்குப் பக்கத்தில் கூட வரவில்லையே. அதுவும் பெட்டியைக் கீழே வைத்துத் திறந்துதான் ஸ்டூவை எடுக்கணும். அதுவரைக்கும் ஜாம்பி கையைக் கட்டிக்கொண்டு நிற்குமா?

கேள்வி: ஓல்ட் ஸ்கூல் ரூன்ஸ்கேப் கேமில் சுறா மீன் பையில் அடுக்காது. ஆனால் சந்தையில் ஆயிரக்கணக்கில் கைமாறுகிறதே, எப்படிங்கண்ணா?
- வாசகி, பெருந்துறை

பதில்: கேமுக்குள் இருக்கும் பேங்கில் மீனை நோட்டாக, அதாவது மீனுக்கான சீட்டாக, மாற்றி எடுக்கலாம் கண்ணு. நோட்டு எத்தனை இருந்தாலும் ஒரே கட்டம். ஈரோட்டு மஞ்சள் மண்டியில் மாதிரியைப் பார்த்து விலை பேசுவார்கள், மூட்டை குடோனிலேயே கிடக்கும் இல்லையா, அந்த மாதிரி. ஆனால் நோட்டைத் தின்ன முடியாது. சண்டைக்குள் நிஜ மீன்தான் வேண்டும், கட்டம் மொத்தமே 28. அதனால்தான் 12 உயிர்ப் புள்ளி ஏற்றும் லாப்ஸ்டரை விட்டுவிட்டு 20 ஏற்றும் சுறாவுக்குக் கூடக் கொடுக்கிறார்கள். மீன் விற்கிறவருக்கு அடுக்குத் தொல்லை தீர்ந்தது, தின்கிறவருக்குத் தீரவில்லை. அந்தத் தொல்லை இருக்கிற வரைக்கும் மீன்காரருக்கு யோகம்.

கேள்வி: எங்கள் சர்வர் அட்மின் ஸ்டூவையும் 64 அடுக்கும்படி மாற்றப்போகிறாராம். கடைக்காரன் நான், சந்தோஷப்படலாமா?
- வாசகர், பொள்ளாச்சி

பதில்: 2011 செப்டம்பருக்கு முன்னால் மைன்கிராஃப்டில் ரொட்டியும் அடுக்காது. அப்போது ஒரு சர்வரில் எனக்கு ரொட்டிக்கடை. ஒரே ஆள் ஒரு ராத்திரியில் நாலு தடவை வருவான், வரும்போதெல்லாம் ரெண்டு வார்த்தை பேசுவான். கேமின் பீட்டா 1.8 பதிப்பு வந்தது, ரொட்டி 64 அடுக்கியது. முதல் மூணு நாள் கல்லா வழிந்தது, பெட்டி பெட்டியாக அள்ளிக்கொண்டு போனார்கள். நாலாம் நாள் கடையில் நானும் என் கோழியும்தான்.