பொது இலக்கின் ஒருங்கிணைப்பாளர் மேலாளரா?

பல மென்பொருள் குழுக்களின் பொது இலக்கை வழிநடத்துபவர் எல்லா நிரல்களையும் தாமே திருத்த வேண்டுமா, குழுக்களுக்கு ஆணையிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டும் இல்லை.

பைத்தான் என்ற நிரல்மொழியின் பழைய பதிப்பான பைத்தான் 2-க்கான ஆதரவு 2020 ஜனவரி 1 அன்று முடிவதற்கு முன்பே, ஓப்பன்ஸ்டாக் என்ற திறமூல மேகக் கணிமை மென்பொருள் திட்டத்தில் பைத்தான் 3-க்கு மாறுவது பொது இலக்காக வைக்கப்பட்டது. அத்தகைய இலக்குகளை வழிநடத்துபவரை அங்கே ‘சாம்பியன்’ என்பார்கள். திருத்தத்தை ஏற்கும் அதிகாரம் அந்தந்தக் குழுவிடமே இருக்கும். எது முடிந்தால் இலக்கு நிறைவேறியதாகும் என்று தெளிவாக்குவதும், மாதிரித் திருத்தம் ஒன்றைச் செய்து காட்டுவதும், யார் எங்கே தடைபட்டு நிற்கிறார்கள் என்று விடாமல் கேட்டறிவதும் அவர் வேலை.

பெங்களூரு வெளிவட்டச் சாலை அலுவலகம் ஒன்றில் இதே பொறுப்பை நான் ஏற்றிருந்தபோது, முன்னேற்றத்தைக் குறிக்கும் விரிதாளில் ஒரு குழு மட்டும் மூன்று வாரமாகச் சிவப்பிலேயே, அதாவது வேலை முடியாமலே, இருந்தது. அதட்டும் அதிகாரம் எனக்கு இல்லை (இருந்திருந்தாலும் பயன்பட்டிருக்காது). அவர்கள் நம்பியிருந்த பழைய நிரல் நூலகம் (ஆயத்த நிரல்களின் தொகுப்பு) ஒன்று பைத்தான் 3-இல் இயங்கவில்லை என்பது, மின்னஞ்சலில் அல்ல, தேநீர் இடைவேளையில்தான் தெரிந்தது.