போட்டிக்கு 5 பேர், வகுப்பில் 38 பேர்: ஓர் இசை ஆசிரியையின் கேள்வி

கேள்வி: திருகோணமலை நகரப் பாடசாலை ஒன்றில் கர்நாடக சங்கீதம் கற்பிக்கிறேன். தரம் 8 இல் 38 பிள்ளைகள். அவர்களில் 5 பேர் வெளியே பயின்று, வட இலங்கைச் சங்கீத சபையின் பரீட்சைகளுக்கும் தோற்றுகிறார்கள். அவர்களைத் தமிழ்மொழித் தினப் போட்டிக்குத் தயார்படுத்துமாறு அதிபர் கேட்கிறார். "எங்கட பிள்ளைக்கு எப்பதான் மேடை கிடைக்கும்?" என்று மற்றப் பெற்றோர் கேட்கிறார்கள். என்ன செய்வது?

பதில்: அதிபரின் விருப்பமும் பெற்றோரின் மனக்குறையும் நியாயமானவை, ஒரே பாடவேளைக்குள் இரண்டையும் அடக்கப் பார்க்கும்போதுதான் அவை மோதுகின்றன. பாடவேளை 38 பேருக்கும் உரியது. போட்டி நெருங்கியதும் ஐவரை முன்னால் இருத்திப் பாடவைத்து, மற்றவர்களைக் கொப்பியில் சுரம் எழுத விடும் வழக்கம் உங்களிடம் இருந்தால், முதலில் அதை நிறுத்துங்கள்.

அதற்காக இரு தரப்புக்கும் வெவ்வேறு பாடம் தயாரிக்க வேண்டியதில்லை. நமது அப்பியாச முறையிலேயே இதற்கு இடமுண்டு. மாயாமாளவகௌளை ராகத்தில், தொடக்கப் பயிற்சியான முதலாவது சரளி வரிசை, ஏறும் ஆரோகணமும் இறங்கும் அவரோகணமுமாக 16 சுரங்கள் கொண்டது. முதற்காலத்தில், அதாவது ஓர் எண்ணிக்கைக்கு ஒரு சுரமாக, 8 எண்ணிக்கை கொண்ட ஆதி தாளத்தின் 2 ஆவர்த்தனங்களை (சுற்றுகளை) நிரப்புவது. புதிதாகக் கற்பவர்கள் அதை ஒருமுறை பாடி முடிப்பதற்குள், ஓரளவு பழகியவர்கள் இரு மடங்கு வேகமான இரண்டாங்காலத்தில் 2 முறையும், அந்த ஐவர் நான்கு மடங்கு வேகமான மூன்றாங்காலத்தில் 4 முறையும் பாட வேண்டும். மூன்று அணிகளும் ஒன்றாகத் தொடங்கி ஒன்றாகவே முடிக்கும். முதல் நாளில் வகுப்பு சந்தை போலத்தான் கேட்கும். பக்கத்து வகுப்பு ஆசிரியரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். வேகமாகப் பாடிப் பழகிய பிள்ளையின் தாளம் போடும் கை, மற்ற அணிகளின் குரல் காதில் விழுந்ததும் தடுமாறுவதையும், பாட்டில் பின்தங்கிய இன்னொரு பிள்ளை லகுவின் (தாளத்தில் விரல்விட்டு எண்ணும் பகுதியின்) விரல்களைச் சற்றும் பிசகாமல் எண்ணிக்கொண்டிருப்பதையும் அப்போது காண்பீர்கள். அந்த இரண்டாவது பிள்ளையை மிருதங்கத்துக்கென நினைவில் வையுங்கள்.

"இவனுக்குச் சுருதி சேராது" என்று ஒதுக்கப்படும் பையன்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஆண்பிள்ளைகளின் குரல் உடையும் வயது இது. பெண்பிள்ளைகளுக்கு வசதியான 5 கட்டைச் சுருதியில் மேல் ஷட்ஜம் (மேல் 'ச') அவனுக்கு எட்டாது. ஒரு ஸ்தாயி (எட்டுச் சுர அளவு) இறக்கினாலோ கீழே குரலே இராது. சுருதிப் பெட்டியை அதைவிடத் தாழ்ந்த 1 கட்டைக்கு மாற்றிப் பாடவைத்த பிறகு தீர்ப்புச் சொல்லுங்கள்.

போட்டிக்கான தெரிவு அந்த ஐவருக்குள்ளேயே முடிந்துவிடக் கூடாது. நாளை முன்னதாக அறிவித்து, விரும்பிய எவரும் பாடலாம் என்று வைத்து, வேறோர் ஆசிரியரையும் உங்களோடு இருத்திக்கொள்ளுங்கள். தனியிசைக்கு ஐவரில் ஒருவரே தெரிவானாலும் குறையில்லை. பயிற்சி முழுவதையும் பாடசாலை விட்ட பின்னர் வைத்தால், நிலாவெளியிலிருந்து பஸ்ஸில் வரும் பிள்ளை தானாகவே விலகிவிடும். அதனால் இடைவேளையையும் பயன்படுத்துங்கள்; அது குறுகியதுதான், ஆனாலும் ஒரு பல்லவியைத் திருத்த அது போதும்.

ஐவரை நாள்தோறும் சின்ன ஆசிரியர்களாக்கி மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க விடுவதை நான் விரும்புவதில்லை; அவர்களும் கற்க வந்த பிள்ளைகள். பரீட்சைக்காக உருப்படிகளை மனனம் செய்தவர்களுக்குக் கற்பனைச் சுரம், அதாவது அந்த இடத்திலேயே தாமாகச் சுரங்களைக் கோத்துப் பாடும் துணிவு பெரும்பாலும் இருப்பதில்லை. பாடவேளையின் இறுதி 5 நிமிடத்தில், மோகன ராகத்தில் ஆளுக்கோர் ஆவர்த்தனம் கற்பனைச் சுரம் பாடச் சொல்லி, ஏனையோரைத் தாளம் போட வையுங்கள். உயர் தரத்தில் சங்கீதத்தைப் பாடமாகத் தெரிவுசெய்து, மட்டக்களப்பிலுள்ள சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்துக்கோ யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்துக்கோ போக எண்ணும் பிள்ளைக்கு, போட்டிச் சான்றிதழைவிட இது உதவும்.

பெற்றோர் கேட்ட மேடையை வாணி விழாவில் கொடுக்கலாம். மூன்று கால வரிசையை 38 பேரும் பாடட்டும். ஐவரின் கீர்த்தனை அதற்குப் பின்னர் வரட்டும். மேடை சிறிதென்றால் முதற்கால அணியைக் கீழே, ஒலிவாங்கிக்கு அருகில் நிறுத்துங்கள். மற்ற இரண்டு அணிகளும் அவர்களின் குரலைப் பிடித்துத்தான் பாட வேண்டியிருக்கும்.